எட்டாம் நம்பருக்கு ஒரு மல்லாரி

கோவில்பட்டி கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடை. அண்ணன் கல்லாவில் உட்காருவார், நான் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு வருவேன். எனக்குச் சைக்கிள் என்பது தீவனம் கேட்காத கழுதை, அவ்வளவுதான். அதன்மேல் உட்கார்ந்த ஒரு மனுஷன் அழகாகத் தெரிவான் என்று எவனாவது சொல்லியிருந்தால், "போவே, வேலையைப் பாரு" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதத்தில் அந்த வாயை அடைத்தவர் எட்டாம் நம்பர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் நாங்கள் அவரை முதுகில் பார்த்துப் பழகியவர்கள், முதுகில் எழுதியிருந்தது எட்டு.

நாலு நாள் பந்தயம் அது. மதுரையில் புறப்பட்டு முதல் நாள் கோவில்பட்டி, இரண்டாம் நாள் திருநெல்வேலி, மூன்றாம் நாள் தூத்துக்குடி, கடைசி நாள் எப்போதும்வென்றான், எட்டயபுரம் வழியாகத் திரும்பவும் கோவில்பட்டி. ஓட்ட வந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிள் கம்பெனிகளின் சம்பள ஆட்கள், மீதிப் பேர் அப்படி ஆகத் துடித்துக்கொண்டிருந்தவர்கள். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல்கூட இல்லை. எலும்பும் தோலுமான சைக்கிள்கள்.

முதல் நாள் ஊருக்கு வடக்கே ரயில்வே கேட் பக்கத்தில் போய் நின்றோம். நானும், என்னிடம் வேட்டி எடுக்கிற ஒரு சம்சாரியும். எப்போதும்வென்றானைத் தாண்டி ரோட்டோரத்தில் உள்ள ஒரு சின்ன ஊர் அவருக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பருத்தி போட்ட விவசாயி. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். பருத்திக்கு விலை கேட்க வந்த மனுஷனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

வடக்கே தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது கிட்டே வரவர நான் என்னை அறியாமல் ரோட்டில் இறங்கிவிட்டேன். நாங்கள் சைக்கிள் மிதித்தால் தோள் ஆடும், இடுப்பு ஆடும், முழங்கால் வெளியே போய்ப் போய் வரும். இந்த மனுஷனுக்கு இடுப்புக்குமேல் ஒன்றும் அசையவில்லை. முதுகில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தால் தளும்பாது. கால்கள் மட்டும் யாருடைய கால்களோ என்பதுபோல் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. மற்றவர்களெல்லாம் வெகுதூரம் பின்னால். சரியாக அந்த நேரம் பார்த்துக் கேட்டை அடைத்துவிட்டான்.

கூட்ஸ் வண்டி. அதுவும் ஊர்ந்து ஊர்ந்து வருகிற கூட்ஸ். எட்டாம் நம்பர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் சேர்ந்தார்கள். அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. "ஏலே, கேட்டைத் தொறலே! அவிய உசிரைக் குடுத்து மிதிச்சிட்டு வந்து நிக்காவ, தெரியலையா?" என்று கேட்காரரைப் பார்த்துக் கத்தினார். பந்தயம் நடத்துகிறவர்களின் ஜீப்பில் இருந்த அதிகாரியிடம் நான் ஓடினேன். "சார், இவரு நின்ன நேரத்தைக் கழிச்சிருவீங்கள்லா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரோட்டுல நடக்கிறது ரோட்டோட போச்சு. கணக்குல சேராது" என்றார்.

எட்டாம் நம்பர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. சரக்குப் பெட்டிகளை வேடிக்கை பார்த்தபடி நின்றார். கேட் திறந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். அந்தப் பொறுமையைப் பார்த்த நிமிஷமே நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் அது இருக்கிறவர்களைக் கண்டால் மயங்கிவிடுவேன்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம், திருநெல்வேலிக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்றேன். "சரக்கு எடுக்கவா, சைக்கிள் பாக்கவா?" என்று கேட்டார். "ரெண்டுந்தான்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். அண்ணாச்சியும் ஊருக்குத் திரும்பாமல் என் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

துணி மூட்டையோடு சுற்றியதில் எனக்கு ஒரே ஒரு லாபம், அந்தப் பக்கத்து வண்டிப்பாதை எல்லாம் மனப்பாடம். ரோடு எங்கே வளைகிறதோ அங்கே நாங்கள் பருத்திக் காட்டுக்குள் இறங்கிக் குறுக்கே போய், அவர்களுக்கு முன்னால் ரோட்டில் ஏறி நிற்போம். காய்ந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், சக்கரம் அதில் சிக்காமல் ஓட்டுவது பெரிய வித்தை. கொஞ்ச தூரம் நான் மிதிக்க, கொஞ்ச தூரம் அவர் மிதிக்க, ஏறுகிற இடத்தில் இரண்டு பேரும் தள்ள, இப்படியாக அன்றைக்கு எட்டாம் நம்பரை மூன்று இடத்தில் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் நாக்குத் தள்ளி நின்றோம், அவர் அல்ல. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அவர் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து அவர்களுக்கு உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். "ஏட்டி, நம்மளுக்குல்லா கை காட்டுதாவ!" என்று ஒருத்தி கூவியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாங்கள் பார்க்காத இடத்தில் நடந்ததை எதிரே வருகிற பஸ் கண்டக்டர்கள் சொல்வார்கள். பஸ் நிற்காது. படியில் தொங்கியபடி, "எட்டு முன்னால! மூணு ஒட்டிக்கிட்டு வாரான்!" என்று எறிந்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் நம்பர் மெட்ராஸ்காரர், நல்ல உயரம், சீமைச் சைக்கிள். எட்டுக்கு ஈடு கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

திருநெல்வேலியில் டீ குடிக்கும்போது அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு முதலில் வந்தவன் வேறு ஒருவன், அப்படியானால் நம் ஆள் தோற்றுவிட்டாரா? நான் விளக்கினேன். நாலு நாள் நேரத்தையும் கூட்டுவார்கள், கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் ஜெயம். இதுவரைக்கும் கூட்டினால் எட்டுக்குத்தான் குறைவு.

"அப்ப நம்மாளு பின்னால வந்தாலும் முன்னாலதான் நிக்காருன்னு சொல்லுதீரு."

"ஆமா அண்ணாச்சி."

"ரோட்டுல எவன் முன்னால போனாலும், முதல் ஆளு இவருதான்."

"ஆமாங்கேன்."

"போதும், அது தெரிஞ்சா போதும்" என்று டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருக்குத் தெரிந்தது போதவில்லை என்பது எனக்கு நாலாம் நாள்தான் விளங்கியது.

மூன்றாம் நாள் தூத்துக்குடி. எட்டாம் நம்பருக்குச் சொந்த ஊர் அதுதான். அங்கே ஒரு மில்லில் நிரந்தரமில்லாத வேலை, ஆள் வராத நாளில் கூப்பிடுவார்கள். மில் ஆட்கள் ரோடு முழுக்க நின்று கத்தினார்கள். அன்றைக்கு அவர் எல்லாரையும் உதறிவிட்டுத் தனியே வந்து சேர்ந்தார். மூன்று நாள் கணக்கையும் கூட்டினால் எட்டுதான் முதல், மூன்றாம் நம்பர் கொஞ்சம்தான் பின்னால், ஒரு டீயை ஊதிக் குடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரோடு வேலை பார்க்கிற ஒருவர்தான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். ஒரு சைக்கிள் கம்பெனி, இந்தப் பந்தயத்தில் முதலாவது வருகிறவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளம், வடக்கே எல்லாம் போய் ஓட்டலாம். எட்டாம் நம்பருக்கு அவர் தெருவிலேயே பேசி வைத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். பெண்ணின் அப்பா, நிரந்தரச் சம்பளம் வந்தால்தான் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன் என்று பங்குனி வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். "நாளைக்கு ஜெயிச்சா மேளம். இல்லைன்னா ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

என் கல்யாணத்துக்குக்கூட நான் அன்றைக்குப் போலக் கவலைப்பட்டதில்லை.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தில் பார்த்தால் ஒடிசலான ஆள், வெயிலில் கறுத்த முகம், உதடெல்லாம் வெடிப்பு. அண்ணாச்சி மடியிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "நாளைக்கு எங்க ஊரு வழியாத்தான் வருதீங்க. ஊரே நிக்கும் பாத்துக்கிடுங்க."

அவர் சிரித்தார். "நிக்க நேரம் இருக்காது அண்ணாச்சி. கையைத் தூக்குதேன்."

"நீங்க நிக்காண்டாம். ஓடுற சைக்கிள்லயே மாலையைப் போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி. அன்று மாலை கடைசி பஸ் கண்டக்டரிடம் தன் ஊர் நாட்டாமைக்குச் சொல்லி அனுப்பினார்: எட்டாம் நம்பர்தான் முதல் ஆள், அவருக்குத்தான் முதல் மாலை, மேளத்துக்கும் ஏற்பாடு பண்ணிருங்க.

நாலாம் நாள் காலையில் கோவில்பட்டிக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போகிற ஒரு லாரியில் எங்கள் சைக்கிளையும் தூக்கிப் போட்டு, பொதிகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். ராஜா மாதிரி இருந்தது. தூத்துக்குடியை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கூட்டத்தில் ஐந்தாறு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜீப் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் குழப்பத்தில் மூன்றாம் நம்பர் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். விழுந்தவர்களைச் சுற்றிக்கொண்டு எட்டாம் நம்பர் தனியே துரத்தினார். எங்கள் லாரி அவர் பின்னாலேயே போனது. எதிரே வந்த கண்டக்டர் கையை விரித்தார். "மூணு ரொம்ப முன்னால போயிட்டான்!"

ஒரு டீ நேரத்துக்குமேல் பின்தங்கினால் எல்லாம் போச்சு. நான் பொதியை அறைந்து அறைந்து கத்தினேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. அந்த முதுகு மட்டும் அப்போதும் தளும்பவில்லை.

எப்போதும்வென்றானைத் தாண்டினோம். அண்ணாச்சியின் ஊர் எல்லையில் கூட்டம். நாயன சத்தம் கேட்டது. கிட்டே போனால் ஐயையோ, மூன்றாம் நம்பர் அங்கே நிற்கிறார்! ரோட்டுக்குக் குறுக்கே ஊர்க்காரர்கள் கை கோத்து நிற்கிறார்கள். அவர் கையில் யாரோ ஒரு கலர் சோடாவைத் திணித்திருக்கிறார்கள். முகம் அழுகிற மாதிரி இருக்கிறது. "வுடுங்கய்யா! இன்னாய்யா அநியாயம் இது!" என்கிறார்.

நாட்டாமை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. முதல் மாலை எட்டாம் நம்பருக்கு. முதல் ஆளு வாங்காம அடுத்த ஆளு எல்லையைத் தாண்டினா அவியளுக்கு மரியாதைக் குறைச்சல்லா. அவிய வந்து வாங்கிக்கிட்டதும் நீங்க தாராளமாப் போங்க. உங்களுக்கும் மாலை இருக்கு."

கோயில் கொடை விழாவில் முதல் மரியாதைக்கு உரியவர் வரும்வரை மற்றவர்கள் காத்திருப்பதுபோல, பந்தயத்தையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்! முதலில் வந்த சைக்கிளைப் பார்த்து எட்டு என்று நினைத்து நாயனக்காரர் மல்லாரியைத் தொடங்கியிருக்கிறார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி, நடுவில் நிறுத்தக்கூடாது. அது முடிகிற நேரத்துக்குத்தான் எட்டாம் நம்பர் வந்து சேர்ந்தார். தவில்காரர் கடைசி அடியை அடித்து ஓய்ந்தார்.

ஊரே ஆரவாரம் செய்தது. எனக்கும் உள்ளுக்குள் குதூகலம்தான், பொய் சொல்வானேன்? போன நேரமெல்லாம் திரும்பி வந்துவிட்டதே. இனி இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினாலே போதும், ஜெயம் எட்டுக்கு, கம்பெனி எட்டுக்கு, பெண் எட்டுக்கு.

எட்டாம் நம்பர் காலை ஊன்றினார். மூன்றாம் நம்பரைப் பார்த்தார், கோத்த கைகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "முதல்ல அவரை விடுங்க" என்றார். கைகள் விலகின. மூன்றாம் நம்பர் சோடா பாட்டிலை எவனிடமோ கொடுத்துவிட்டு ஒரே மிதியில் பறந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எட்டாம் நம்பர் நகரவில்லை.

"எவ்வளவு நேரம் நிறுத்தினீங்க அவரை?" என்று நாட்டாமையைக் கேட்டார்.

"என்ன, ஒரு மல்லாரி நேரம்" என்றார் நாட்டாமை.

எட்டாம் நம்பர் நாயனக்காரர் பக்கம் திரும்பி, "ஐயா, அதையே இன்னொரு தடவை வாசிங்க. முடிஞ்சதும் போறேன்" என்றார்.

நான் லாரியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு முழங்கால் சிராய்ந்திருந்தது. "என்ன பண்ணுதீங்க? போங்க! போங்கன்னா! கோட்டியா உங்களுக்கு?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். "முந்தாநாளைக்கு முந்தின நாளு கேட்டை அடைச்சப்ப உங்களுக்காக எவன் நின்னான்? ரோட்டுல நடக்கிறது ரோட்டோட போச்சுன்னு சொன்னாங்கள்லா!"

"கேட்டை எனக்காக அடைக்கல பாய். இந்த மேளம் எனக்காக அடிச்சதுல்லா" என்றார்.

மல்லாரி தொடங்கிவிட்டது. நான் நாயனக்காரரிடம் ஓடினேன். "ஐயா, சீக்கிரம் முடிங்க, புண்ணியமாப் போகும். வேகமா வாசிங்க!" வாயில் நாயனத்தை வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், அந்தக் கண்ணில் நான் சாம்பலாகாமல் போனது ஆச்சரியம். என்னை முறைத்தபடியே ஒரு சங்கதியை இன்னும் நிதானமாக இழைத்தார். தவில்காரர் அதைவிடப் பெரிய ஆள், கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். மாசி வெயிலில் ரோட்டு நடுவே ஊர் மொத்தமும் அசையாமல் நின்றது. ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. அண்ணாச்சி லாரியின் உச்சியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் நம்பர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்ஸ் வண்டியைப் பார்த்தாரே, அதே நிற்பு. ஆனால் முகம் வேறு. தலை லேசாகத் தாளத்துக்கு ஆடியது. இடுப்புக்குமேல் அவர் அசைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முடிந்தது. நாட்டாமை மாலையைப் போட்டார். அவர் அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, நாயனக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்பினார் என்றா சொன்னேன்? பாய்ந்தார். லாரியால் பிடிக்க முடியவில்லை. மேட்டில் அந்தச் சைக்கிள் ஏறிய வேகத்தை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். எட்டயபுரம் தாண்டியபோது கண்டக்டர் ஒருவர் கையைக் குறுக்கிக் காட்டினார். இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நசுக்கினார்.

நாங்கள் கோவில்பட்டி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பறிகொடுத்த நேரத்தில் பெரும்பங்கை எட்டாம் நம்பர் மீட்டுவிட்டார், ஆனால் ஜெயிக்க அது போதவில்லை. நாலு நாள் கூட்டிப் பார்த்ததில் மூன்றாம் நம்பருக்கு முதலிடம், எட்டுக்கு இரண்டாமிடம். மூன்றாம் நம்பரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். போனால், அந்த மனுஷன் அதிகாரியின் முன்னால் நின்று, "சார், அவரு எனுக்கோசரம் நின்னாரு. அத்தக் கழிச்சுடுங்க சார்" என்று வாதாடிக்கொண்டிருந்தார். அதிகாரி பழைய பல்லவியையே பாடினார். "ரோட்டுல நடக்கிறது ரோட்டோட போச்சு."

எட்டாம் நம்பர் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஹேண்டில்பாரில் மாலையின் நாரும் நாலைந்து செவ்வந்தியும்தான் மிச்சம். அண்ணாச்சி அவர் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். "எங்க ஊரு உங்க குடியைக் கெடுத்திட்டு தம்பி."

"விடுங்க அண்ணாச்சி" என்று அவர் தோளைத் தட்டினார். பிறகு, "அந்த ஐயா நல்லா வாசிச்சாருல்லா? எனக்குன்னு ஒருத்தர் மேளம் வாசிச்சு இன்னைக்குத்தான் கேட்டேன். முழுசாக் கேட்டேன்" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. நான் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பந்தயம் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. மூன்றாம் நம்பரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். பங்குனி முடிந்ததும் துணி வாங்கத் தூத்துக்குடிக்குப் போனபோது அந்த மில் ஆளைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். பெண்ணைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். எட்டாம் நம்பர் வழக்கம்போல ஆள் வராத நாளில் வேலைக்குப் போகிறாராம். அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் கடைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் கோயில். திருவிழா நாளில் சாமி புறப்படும்போது மல்லாரி கேட்கும். நான் அளந்துகொண்டிருக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டுக் கடை வாசலில் வந்து நிற்பேன். வியாபாரம் சூடாக இருக்கிற நேரம் அது. "என்ன பாய், கெஜக்கோலைப் போட்டுட்டுப் போயிட்டீரே, எங்களுக்கு நேரமாகுது" என்று சத்தம் போடுவார்கள். "அவசரமா இருந்தா அடுத்த கடைக்குப் போங்க. இது முடியாம நான் அளக்க மாட்டேன்" என்பேன். அண்ணன் முதல் வருஷம் திட்டினார். விஷயத்தைச் சொன்னபிறகு, மல்லாரி தொடங்கியதும் அவரும் கல்லாவை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பார்.